ஒழுங்கைக்குத் தெற்கே

நான் ஒருவரைப் பழிவாங்கியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு குளிர்கிறது. மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்று சொல்ல வருபவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம், நான் மறிக்கமாட்டேன். நடந்தது தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபரோவில். ஆனால் கதையை யோக்ஷயரிலிருந்து தொடங்கவேண்டும். அப்பா எதையும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

அப்பா படித்த காலத்தில் யாழ்ப்பாணத்து இங்கிலிஷ் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் தங்கள் மண்ணின் வழுக்கியாறு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. ஹம்பர் ஆறு எங்கே கடலில் விழுகிறது என்று தெரியும். தெரியாவிட்டால் பிரம்படி. இங்கிலாந்தின் மாகாணங்களை மேலிருந்து கீழாக ஒப்புவிக்கவேண்டும். அதிலே பெரியது யோக்ஷயர். அதற்கு மூன்று பகுதிகள்: நோர்த் றைடிங், ஈஸ்ற் றைடிங், வெஸ்ற் றைடிங். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சபை. அடி வாங்கிப் படித்த இந்தச் சங்கதி அறுபது வயதுக்குப் பிறகு ரொறன்ரோவில் உதவுமென்று அவருக்கு அடித்த வாத்தியாரும் நினைத்திருக்கமாட்டார்.

விமானம் வந்து இறங்கிய இடத்துக்குப் பழைய பெயர் மோல்ரன். நகரத்தின் மேற்கே ஓடுகிற ஆறு ஹம்பர். நாங்கள் குடியேறியது ஸ்காபரோ. கிழக்கே போனால் பிக்கறிங், அதற்கு அப்பால் விற்பி. எல்லாம் யோக்ஷயர்ப் பெயர்கள். அந்தக் காலத்தில் இங்கே இருந்த ஆளுநரின் மனைவி ஏரிக்கரையின் வெள்ளை மேட்டைப் பார்த்து, இது எங்களுடைய ஸ்காபரோ மாதிரி இருக்கிறதே என்றாளாம். அப்பாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "நான் யோக்ஷயரிலையெல்லோ வந்து இறங்கியிருக்கிறன்" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சீனக் கிழவருக்கும் சொன்னார். அப்பாவுக்கு ஒரேயொரு குறை, பிக்கறிங்குக்கும் விற்பிக்கும் நடுவில் அஜக்ஸ் என்று ஒரு ஊர் இருந்தது. அது ஒரு போர்க்கப்பலின் பெயர், யோக்ஷயரோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. சனம் மலிவாக வீடு கிடைக்கிறதென்று அங்கே போகத் தொடங்கியபோது, "உது இடையில புகுந்த ஊர்" என்று முகத்தைச் சுளித்தார்.

எல்லைகளில் அவருக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் யோக்ஷயர் அல்ல. எங்கள் ஊரில் ஒரு சந்தி, அந்தச் சந்தியிலிருந்து கிழக்கே போகும் ஒடுக்கமான ஓர் ஒழுங்கை. எங்கள் வீடு ஒழுங்கையின் தெற்குப் பக்கம். அப்பா அந்த வீட்டில்தான் பிறந்தார், அவருடைய தகப்பனும் அங்கேதான். ஊரின் கிராமச் சங்கத்தைப் பட்டின சபையாக உயர்த்தியபோது எல்லையைப் புதிதாகக் கீறினார்கள். அப்போது கிராமச் சங்கத்துக்குச் சேர்மனாக இருந்தவர் கோட்டை அந்த ஒழுங்கை வழியே இழுப்பித்தார். வடக்குப் பக்கம் ஊராக நின்றது. தெற்குப் பக்கத்தை அடுத்த கிராமத்தோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வாக்குகள் சேர்மனுக்கு விழுவதில்லை என்பது ஒரு காரணம். நாங்கள் இன்ன சாதி என்பது மற்றது. சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. எல்லை என்றார்கள், வரைபடம் என்றார்கள், மேலிடத்து முடிவு என்றார்கள்.

தெருவிளக்கு வடக்கு வேலியோரம் வந்து நின்றது. வெளிச்சம் எங்கள் வாசல் படலையிலும் விழுந்தது. "வெளிச்சத்துக்கு எல்லை போடச் சேர்மனுக்குத் தெரியேல்லை" என்று அப்பா சிரிப்பார். சிரிப்பாரே தவிர மனம் ஆறவில்லை. ரொறன்ரோவில் தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான். அப்பா ஊரின் பெயரை அழுத்திச் சொல்வார். கேட்டவர் ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்துக் கேட்டால் கதையை மாற்றிவிடுவார்.

நான் பிளாஸ்ரிக் மூடிகள் செய்கிற தொழிற்சாலைக்குப் போனபிறகு அவர் நூலகத்துக்குப் போய்விடுவார். அங்கே ஜன்னலோரம் ஒரு கதிரை அவருடையது போலவே ஆகிவிட்டது. ஒருநாள் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிவிட்டுச் செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் போல வந்தார். யோக்ஷயரின் மூன்று பகுதிகளையும் எழுபதுகளிலேயே கலைத்துவிட்டார்களாம். ஈஸ்ற் றைடிங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களோடு ஒட்டி ஹம்பர்சைட் என்று புதிதாக ஒன்றைச் செய்தார்களாம். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஓர் இளவேனிலில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றார்.

"பிள்ளை, ஈஸ்ற் றைடிங் திரும்பி வந்திட்டுது!"

நூலகத்துக்கு வரும் இங்கிலாந்துப் பத்திரிகையில் படித்திருக்கிறார். ஹம்பர்சைட்டைக் கலைத்துப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "சனம் விடேல்லை, பிள்ளை. விலாசம் எழுதேக்கையும் பழைய பேரைத்தான் எழுதிச்சுதுகளாம். அரசாங்கம் களைச்சுப்போய் விட்டிட்டுது. கீறின கோட்டை அழிக்கலாம், பார்."

தேத்தண்ணி குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "நான் செத்தால் பேப்பரில மரண அறிவித்தல் போடுவாய்தானே. அதில எங்கட ஊரைப் பிறப்பிடம் எண்டு போடு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்றுதான் எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் தொடங்கும். தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகைகளைச் சனம் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கும், இந்த அறிவித்தல்களுக்காக. உயிரோடு இருந்தபோது கிடைக்காத ஊர், செத்தபிறகாவது அச்சில் கிடைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் ஓம் என்றேன்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. நான் அறிவித்தலை எழுதிப் படத்தோடு பத்திரிகைக்குக் கொடுத்தேன். அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் தொலைபேசி அடித்தது. எங்கள் ஊர்ச்சங்கத்தின் தலைவர். அந்த ஊரில் பிறந்து ரொறன்ரோவில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. கோடையில் ஒன்றுகூடல், செத்தவீட்டுக்கு மலர்வளையம், அவ்வளவுதான் அதன் வேலை. தலைவர் வீடு விற்கும் ஏஜென்ற். பஸ் தரிப்பிட வாங்குகளில் எல்லாம் அவருடைய சிரித்த முகம் ஒட்டியிருக்கும். சனம் அந்த முகத்தின் மேல்தான் குந்தியிருக்கும். ஊரில் கோடு இழுப்பித்த சேர்மனின் மூத்த மகன் இவர்.

"தங்கச்சி, அப்பான்ர செய்தி கேள்விப்பட்டன். மிச்சம் கவலை" என்று தொடங்கினார். பிறகு தொண்டையைச் செருமினார். "பேப்பர்க்காரன் அறிவித்தலைக் காட்டினவன். பிறப்பிடம் எண்டு எங்கட ஊரைப் போட்டிருக்கிறியள். உங்கட வீடு ஒழுங்கைக்குத் தெற்குப் பக்கமெல்லோ. அது எங்கட ஊருக்குள்ள வராது. நான் கோவத்தில சொல்லேல்லை, தங்கச்சி. எல்லை அப்பிடி."

"அண்ணை, அவர் செத்துப்போனார்" என்றேன்.

"அதுக்காகப் பிழையாப் போடேலாதுதானே."

பத்திரிகை வந்தபோது யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் என்று இருந்தது. ஊரின் பெயர் இல்லை. பத்திரிகைக்காரரைக் கேட்டேன். "தலைவர் சொன்னவர், அதுதான் திருத்தினனான்" என்றார். அந்தப் பத்திரிகையில் பக்கத்துக்குப் பக்கம் தலைவரின் வீட்டு விளம்பரம்தான். பத்திரிகைக்காரர் வேறென்ன செய்வார்? செத்தவீட்டுக்குச் சங்கத்தின் மலர்வளையமும் வரவில்லை. சங்கத்தில் இருந்த ஓரிருவர் மட்டும் கடைசி வரிசையில் வந்து இருந்துவிட்டு, என்னுடைய கண்ணைப் பாராமல் எழுந்து போனார்கள். நான் அன்றைக்கு அழவில்லை. பெட்டி தகன அடுப்புக்குள் போகும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு இருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன். அப்பாவுக்கு அல்ல, தலைவருக்கு.

ஆனால் என்ன செய்வது? என்னிடம் காசில்லை, ஆள்பலமில்லை. ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைக் கெட்டுப்போகாமல் பிறீசரில் வைப்பதுபோலக் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். காரம் குறையவில்லை.

அந்த வருடமே ஸ்காபரோவுக்கும் நாள் குறித்தார்கள். ரொறன்ரோவையும் சுற்றியிருந்த ஸ்காபரோ, நோர்த் யோர்க் முதலான நகரங்களையும் கலைத்து ஒரே மாநகரமாக்கப் போகிறோம் என்று மாகாண அரசு சொன்னது. சனம் கூட்டம் போட்டது, கத்தியது, எதிர்த்து வாக்களித்தது. அரசு கேட்கவில்லை. புது மாநகர சபைக்கு நவம்பரில் தேர்தல். எங்கள் தலைவர் கவுன்சிலராக நிற்கப் போகிறார் என்று தமிழ்ப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் படத்தோடு வந்தது. அப்பாவின் அறிவித்தலில் ஊரை வெட்டிய அதே பத்திரிகை. தகப்பன் சேர்மன், மகன் கவுன்சிலர்.

அப்பா போனபிறகு சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் அவருடைய கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன். ஒரு சனிக்கிழமை அந்தக் கதிரைக்கு நேரே, சுவரில், புது மாநகரத்தின் தேர்தல் வட்டாரங்களைக் காட்டும் பெரிய படத்தை ஒட்டியிருந்தார்கள். எழுந்து போய் எங்கள் தெருவைத் தேடினேன். எங்கள் அப்பார்ட்மென்ற் கட்டடத்துக்கு முன்னால் ஓடுகிற பெரிய றோட்டின் நடுவால் ஒரு தடித்த கோடு போனது. விரலை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு வடக்கே தலைவர் நிற்கிற வட்டாரம். தெற்கே வேறு வட்டாரம், வேறு வேட்பாளர்கள். நாங்கள் தெற்கே. எனக்குச் சிரிப்பு வெடித்தது. நூலகப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

தலைவருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் சனத்தைத் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சந்தி என்றால் நாலு மூலையும் ஒரே இடம். றோட்டுக்குத் தெற்கே தமிழர் நிரம்பிய எங்கள் உயர்ந்த கட்டடங்கள். றோட்டுக்கு வடக்கே தமிழ்க் கடைகள் உள்ள பிளாசா, அங்கே தலைவரின் அலுவலகம். இரண்டையும் சேர்த்து எல்லோரும் சந்தி என்றே சொல்வோம். முந்திய தேர்தல்களில் இரண்டும் ஒரே வட்டாரமாகத்தான் இருந்தன. மாநகரம் புதிதானதும் கோடும் புதிதானது. புதுப் படத்தை அவருக்கும் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சட்டம் போட்டு, தன்னுடைய கதிரைக்குப் பின்னால் மாட்டி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

வாக்குச் சேர்ப்பதையும் அவர் ஊர்க்கணக்கில்தான் செய்தார். ஒவ்வொரு ஊர்ச்சங்கத்துக்கும் ஓர் ஆளைப் போட்டு, அந்தந்த ஊராருக்குத் தொலைபேசி எடுப்பித்தார். நகரத்தின் மறுகோடியில் பார்க்டேலில் இருப்பவர், மாநகரத்துக்கே வெளியே அஜக்ஸில் இருப்பவர் எல்லோரும் ஓம் ஓம் உங்களுக்குத்தான் என்றார்கள். "சந்திச் சனம் முழுக்க எங்கட கையில" என்று பிளாசாவில் தேத்தண்ணிக் கடையில் நின்று அவர் சொன்னதை நானே கேட்டேன். பிளாசாவுக்கு வடக்கே அவருடைய உண்மையான வட்டாரம் கிடந்தது, தெருத்தெருவாகத் தனி வீடுகள். வெள்ளைக்காரர், சீனர், கயானாக்காரர். அங்கே ஒரு கதவையும் அவர் தட்டவில்லை. "அங்க எங்கட ஆக்கள் இல்லை" என்றார்.

எங்கள் கதவைத் தட்டினார். கோட்டும் கழுத்தில் ரையும், கை நிறையத் துண்டுப்பிரசுரம். கதிரையில் அமர்ந்து, சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தும் பாராதவர்போல இருந்தார். நான் தேத்தண்ணியும் பொரித்த றோல்ஸும் கொடுத்தேன்.

"இந்த நேரத்தில நாங்கள் எல்லாரும் ஒண்டா நிக்கவேணும், தங்கச்சி."

"ஓம் அண்ணை" என்றேன். "வேணுமெண்டால் எங்கட பில்டிங் சனத்தைக் கூப்பிட்டுக் கீழ ஹோலில ஒரு கூட்டம் வைக்கிறன்."

அவருடைய முகம் பஸ் வாங்கில் இருக்கிற முகம் போல மலர்ந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் கட்டடம் எந்த வட்டாரம் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஆனால் நான் முழுக் கல்நெஞ்சுக்காரியும் அல்ல. ஒரு வழி விட்டுவைத்தேன். கூட்டத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பேன். எங்கள் ஊரவர் என்று அவருடைய வாயால் வந்துவிட்டால், அன்றைக்கே அவரை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டைக் காட்டுவேன். வடக்கே போய்க் கதவு தட்ட அப்போதும் நாள் இருந்தது. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சத்தியமாகவே நினைத்துக்கொண்டேன்.

ஹோல் நிரம்பிவிட்டது. தலைவர் தமிழரின் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். ஊரென்றும் பகுதியென்றும் பிரிந்து நிற்கும் காலம் போய்விட்டது என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

"அண்ணை, என்ர அப்பாவும் உங்கட ஊர்தானே. அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

அவர் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார். "அப்பா அருமையான மனுசர். யாழ்ப்பாண மண்ணின்ர மைந்தன். அவரை நாங்கள் ஒருநாளும் மறக்கேலாது."

யாழ்ப்பாணம். வாக்குப் பிச்சை கேட்டு வந்த இடத்தில்கூட அந்த ஓர் ஊரின் பெயர் அவருடைய தொண்டையைத் தாண்டவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். "இன்னொரு றோல்ஸ் எடுங்கோ அண்ணை" என்றேன். எடுத்தார்.

தேர்தலன்று எங்கள் கட்டடத்துக்கு முன்னால் தலைவரின் வான் வந்து நின்றது. சனம் கல்யாணத்துக்குப் போவதுபோல வெளிக்கிட்டுப் போனது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. போனவர்கள் குழம்பிய முகத்தோடு திரும்பினார்கள். "தலைவற்ர பேரைக் காணேல்லையே" என்று கீழ்மாடி அன்ரி என்னிடம் வந்து கேட்டார். வேறு பெயர்கள்தான் இருந்தனவாம், யாரோ ஒருவருக்குக் குத்திவிட்டு வந்தாராம். பின்னேரம் தொலைபேசி அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்த கதிரையில் வசதியாக அமர்ந்து எடுத்தேன்.

"தங்கச்சி, என்ன நடக்குது உங்க? பில்டிங் சனத்துக்கு என்ர பேர் இல்லாத தாளைக் குடுக்கிறாங்களாம். ஆரோ வேணுமெண்டு செய்யிறாங்கள்!"

"ஒருதரும் ஒண்டும் செய்யேல்லை, அண்ணை. எங்கட பில்டிங் றோட்டுக்குத் தெற்குப் பக்கமெல்லோ. அது உங்கட வட்டாரத்துக்குள்ள வராது. நான் கோவத்தில சொல்லேல்லை. எல்லை அப்பிடி."

அவருக்குப் பின்னால் யாரோ இங்கிலிஷில் எதையோ உரக்கக் கேட்பது கேட்டது.

"உமக்கு முதலே தெரியுமோ?" நீங்கள் போய் நீர் வந்துவிட்டது.

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ எனக்குத் தேத்தண்ணி தந்தனீர்?"

"றோல்ஸும் தந்தனான், அண்ணை."

அவருக்கு வெடித்துவிட்டது. "ஒரே ஊரில பிறந்துபோட்டு இப்பிடிச் செய்வினமோ? எங்கட ஊர்ப் பிள்ளை எண்டு நம்பித்தானே வந்தனான்! சொந்த ஊரானின்ர கழுத்தை அறுக்க எப்பிடி உமக்கு மனம் வந்தது?"

நான் அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ, அண்ணை" என்றேன். "எந்த ஊர்?"

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் தோற்றதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

புது வருடம் பிறந்தபோது ஸ்காபரோ என்ற நகரம் சட்டப்படி இல்லாமல் போயிற்று. அப்பா செத்து ஒரு வருடமும் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை எழுதி அதே பத்திரிகைக்காரரிடம் கொண்டுபோனேன். பிறப்பிடம் எங்கள் ஊர், வசிப்பிடம் ஸ்காபரோ. அவர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தலைவரை ஒருக்காக் கேக்கட்டோ?" என்றார்.

"கேளுங்கோ" என்றேன். "அவர்தான் என்னை ஊர்ப் பிள்ளை எண்டு சொன்னவர்."

கேட்டாரோ, என்ன பதில் வந்ததோ தெரியாது. ஓர் எழுத்தும் மாறாமல் அச்சில் வந்தது. பக்கத்தின் மேல்பாதியில் கறுப்புக் கட்டம் போட்டு அப்பாவின் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஊரின் பெயர். கீழ்ப்பாதியில் வழக்கம்போல வீட்டு விளம்பரம், தலைவரின் சிரித்த முகம். அப்பாவை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பிறகு பார்த்தால், தலைவர் அப்பாவுக்குத் தெற்கே இருந்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் அப்படியே வைத்திருக்கிறேன்.